சரக்கு அனுப்பும் வேலையில் தெளிவாகச் செய்தி சொல்வது: நெல்லைச் சீமையில் புதிதாக வேலையில் சேர்ந்தோருக்கு ஒரு வழிகாட்டி

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கொல்லத்துக்குப் போகும் லோடும், புளியங்குடியில் கட்டப்படும் எலுமிச்சை மூட்டைகளும், கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் கொள்கலனும் சரக்கிலும் தூரத்திலும் வேறுபட்டவை. ஆனால் அவை ஒவ்வொன்றும் சாலையில் ஏறுவதற்கு முன்பே ஐந்தாறு பேரின் வாய் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் செய்தியாகப் பயணம் செய்துவிடுகின்றன. வியாபாரி புரோக்கரிடம் சொல்கிறார், புரோக்கர் லாரி ஷெட்டில் சொல்கிறார், ஷெட்டில் இருப்பவர் டிரைவரிடம் சொல்கிறார், டிரைவர் இறக்கும் இடத்துக்குப் பேசுகிறார். இடையில் எங்கே செய்தி திரிந்தாலும் அந்தப் பிழை பெரும்பாலும் சரக்கு போய்ச் சேரும் இடத்தில்தான் வெளிப்படுகிறது. அப்போது திருத்துவதற்கு நேரமும் இருக்காது, வாடகையும் ஏறியிருக்கும்.

அரிசி ஆலை, கமிஷன் மண்டி, பார்சல் அலுவலகம், ஏற்றுமதி நிறுவனம் ஆகியவற்றில் சரக்கு அனுப்பும் பிரிவில் அண்மையில் சேர்ந்தவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய செய்தியை, உங்களை நேரில் பார்த்தே இராத ஒருவர், இரவு இரண்டு மணிக்குக் கேரள எல்லையிலுள்ள புளியரையில் வண்டியை ஓரங்கட்டிப் படிக்கிறார் என்றும், அந்த நேரத்தில் உங்கள் கைப்பேசி அணைந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்காமலே அவரால் அடுத்த வேலையைச் செய்ய முடிந்தால் அந்தச் செய்தி தெளிவானது.

யார் யாருக்குச் சொல்ல வேண்டும்

முதல் நாளில் செய்ய வேண்டிய வேலை, உங்கள் நிறுவனத்தின் ஒரு லோடு யார் யார் கைக்குப் போகிறது என்று தாளில் எழுதிக்கொள்வதே. சரக்கை விற்பவர், வாங்குபவர், வண்டி உரிமையாளர், டிரைவர் ஆகியோரை யாரும் மறப்பதில்லை. ஏற்றும் இடத்துச் சுமைப்பணித் தொழிலாளர்களின் மேஸ்திரி, எடைமேடை எழுத்தர், வாயிற் காவலர், பெறுநரின் கிடங்கில் இரவு முறையில் இருப்பவர் ஆகியோர்தாம் பட்டியலில் விடுபடுகிறார்கள். வண்டிகள் காத்துக் கிடப்பதும் பெரும்பாலும் இவர்களிடம்தான். வாயிற் காவலரிடம் வண்டி எண் கொடுக்கப்படாததால் உள்ளே விட மறுத்து இரண்டு மணி நேரம் நின்ற லாரிக்கு, காவலரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பெயருக்கு எதிரே இரண்டு கைப்பேசி எண்களும், அவர் எந்த நேரத்தில் கிடைப்பார் என்பதும், எந்த முடிவை எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு என்பதும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. விலையைக் குறைத்து இறக்கவும், லோடைத் திருப்பி அனுப்பவும் முடிவு சொல்லக்கூடியவர் யார் என்று தெரியாமல், எடுத்தவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு லோடு வெண்டைக்காய் முற்றிப்போகும்.

ஊரின் பெயரைத் தனியாக நம்பாதீர்கள்

தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும்போது புளியரை, புளியங்குடி, புளியம்பட்டி மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழும். முதலாவது செங்கோட்டையைத் தாண்டிய கேரள எல்லை. இரண்டாவது சங்கரன்கோவில் பக்கத்து எலுமிச்சைச் சந்தை. மூன்றாவது கயத்தாற்றுப் பக்கத்திலும் உண்டு, ஈரோடு மாவட்டத்தில் புஞ்சைப் புளியம்பட்டியாகவும் உண்டு. சிவகிரி தென்காசி மாவட்டத்திலும் இருக்கிறது, ஈரோடு மாவட்டத்திலும் இருக்கிறது. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இருந்து அனுப்பும் ஒருவருக்குச் சிவகிரி என்றால் ஈரோட்டுச் சிவகிரிதான் முதலில் நினைவுக்கு வரும். கீழப்பாவூரும் மேலப்பாவூரும் அடுத்தடுத்த ஊர்கள். கடையத்துக்கும் கடையநல்லூருக்கும் இடையே போதுமான தூரம் இருக்கிறது.

ஆகவே ஊர்ப் பெயருடன் வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை எப்போதும் சேர்த்து எழுதுங்கள். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் அஞ்சல் எண்கள் பெரும்பாலும் 627 என்றும், தூத்துக்குடி மாவட்டத்தின் எண்கள் 628 என்றும் தொடங்குகின்றன. தென்காசிச் சிவகிரி என்று சொல்லிவிட்டு 638 என்று தொடங்கும் எண் எழுதப்பட்டிருந்தால், வண்டி புறப்படுவதற்கு முன்பே பிழை பிடிபட்டுவிடும். கைப்பேசியில் இட அமைவைப் பகிர்வது நல்ல பழக்கம். ஆயினும் சிக்னல் இல்லாத மலைப்பாதையில் அது திறக்காமல் போகலாம் என்பதால், எந்தச் சாலை, எந்தப் பக்கம், பக்கத்தில் எது என்பதையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். பதினான்கு சக்கர வண்டி திரும்ப இடம் இல்லாத தெருவாக இருந்தால் அதையும் எழுதுங்கள். நெல்லை நகரத்தின் ரத வீதிகளைச் சுற்றியுள்ள கடைகளுக்குச் சரக்கு அனுப்புவோர், பெரிய வண்டியைப் புறநகரில் நிறுத்திக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டிக்கு மாற்றுவதா என்பதை முன்னாளே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

அளவும் எடையும்

இந்தத் தொழிலில் அதிகச் சச்சரவு எழுவது அளவைப் பற்றித்தான். நம் பக்கத்தில் கோட்டை, மரக்கால், பக்கா என்று அளந்த காலம் மறைந்து வந்தாலும், எண்ணிக்கையை மட்டும் சொல்லி எடையைச் சொல்லாமல் விடும் பழக்கம் போகவில்லை. “நூறு மூட்டை நெல்” என்றால் எவ்வளவு? அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் 75 கிலோ மூட்டையாகப் பேசுவோர் உண்டு. முன்னதன்படி 4 டன். பின்னதன்படி ஏழரை டன். ஒன்றுக்குச் சிறிய ஈச்சர் வண்டி போதும், மற்றதற்குப் போதாது.

அரிசியிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்ட பிறகு, ஆலைகள் பல 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. கடையில் ‘இருபத்தைந்து கிலோ சிப்பம்’ என்றே வாய்ப்பழக்கமாகச் சொல்வார்கள். பையில் 26 என்று அச்சாகியிருக்கும். 400 சிப்பத்தில் இது 400 கிலோ வேறுபாடு. வண்டியின் தாங்குதிறனுக்கு விளிம்பில் ஏற்றும்போது இந்த 400 கிலோ, எடைமேடையில் அபராதமாக வந்து நிற்கும்.

எனவே மூன்று எண்களையும் ஒருசேர எழுதுங்கள்: எத்தனை உருப்படி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, ஆக மொத்தம் எத்தனை கிலோ. பெருக்கிப் பார்க்கும்போது மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எங்கோ தவறு என்பது படிப்பவருக்கே தெரிந்துவிடும். இப்படித் தன்னைத்தானே சரிபார்க்கும் செய்தியைப் போலப் பாதுகாப்பானது வேறில்லை. எடைமேடைச் சீட்டைப் பற்றிப் பேசும்போது மொத்த எடையா, வண்டியின் வெற்று எடையா, சரக்கின் நிகர எடையா என்று பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். வாழைத்தார், இலைக்கட்டு போன்று எண்ணி விற்கப்படும் சரக்குகளுக்கு, ஒரு கட்டில் எத்தனை இலை என்பதும் தாரின் இரகமும் எழுதப்பட வேண்டும்.

கப்பலேறும் சரக்கில் எடையைச் சொல்வது சட்டக் கடமையாகவே ஆகிவிட்டது. பன்னாட்டுக் கடல்சார் பாதுகாப்பு விதிகளின்படி 2016 ஜூலை 1 முதல், சரக்கு நிரப்பிய கொள்கலனின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையை அனுப்புநர் தெரிவிக்காவிட்டால் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது. தூத்துக்குடிக்கு அனுப்பும் நிறுவனத்தில் சேர்ந்திருப்பவர்கள் இதையும், கொள்கலன் எண்ணையும், சீல் எண்ணையும், துறைமுக வாயில் மூடும் நேரத்தையும் ஒரே செய்தியில் சேர்த்து அனுப்பப் பழகுங்கள். கொள்கலன் எண் நான்கு எழுத்தும் ஏழு எண்களும் கொண்டது. கடைசி எண், முன்னுள்ள பத்து குறிகளிலிருந்து கணக்கிட்டு வருவது. ஏதாவது ஓர் எண்ணை மாற்றி எழுதினால் கணக்கு உதைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை வாய்மொழியாக வாங்கி எழுதாமல் கொள்கலனின் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, படத்தைப் பார்த்து எழுதுங்கள். வாய்மொழியாகவே சொல்ல நேர்ந்தால், கைப்பேசியில் பி, டி, ஜி, வி நான்கும் ஒன்றுபோல ஒலிப்பதால், பெங்களூர் பி, டெல்லி டி என்பதுபோல் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாளும் நேரமும்

“நாளைக் காலை” என்று எழுதப்பட்ட செய்தி நள்ளிரவைத் தாண்டிப் படிக்கப்பட்டால் ஒரு நாள் தள்ளிப்போகிறது. “திங்கள் இரவு ஒரு மணி” என்பதைச் சிலர் ஞாயிறு கழிந்த பின்னிரவாகவும், சிலர் திங்கள் கழிந்த பின்னிரவாகவும் எடுத்துக்கொள்வார்கள். காய்கறி வண்டிகள் பெரும்பாலும் இந்த இருட்டு நேரத்தில்தான் ஓடுகின்றன என்பதால், தேதி, கிழமை, இருபத்து நான்கு மணிக் கணக்கில் நேரம் ஆகிய மூன்றையும் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. கிழமையும் தேதியும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும்.

நேரத்தைச் சொல்லும்போது அது எதற்கான நேரம் என்பதையும் சொல்லுங்கள். வண்டி ஏற்றும் இடத்துக்கு வர வேண்டிய நேரமா, ஏற்றி முடித்துப் புறப்பட வேண்டிய நேரமா, சேர வேண்டிய நேரமா? அந்த நேரத்துக்கான காரணத்தையும் அரை வரியில் சேர்த்தால் இன்னும் நல்லது. கொல்லத்துக் கடைக்காரர் விடியற்காலை ஏலத்துக்கு முன் சரக்கு வேண்டும் என்கிறார் என்பது டிரைவருக்குத் தெரிந்திருந்தால், எங்கே ஓய்வெடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். ஓணத்துக்கு முந்தைய நாள்களில் செங்கோட்டை வழியில் வண்டிகள் நெருக்கும் காலத்தில் இந்த அரை வரி பெரிதும் உதவும்.

ஒரு செய்தி, இரண்டு விதமாக

பலர் இப்படி அனுப்புகிறார்கள்: “நாளைக்குக் கொல்லத்துக்கு ஒரு லோடு காய் போகணும், வண்டி ஒண்ணு அனுப்புங்க.” இதைப் படிக்கும் ஷெட்காரர் குறைந்தது ஐந்து கேள்விகள் கேட்டாக வேண்டும், கேட்க மறந்தவற்றைத் தாமாக ஊகித்துக்கொள்வார். அதே செய்தி கீழ்க்கண்டவாறு இருக்கலாம்:

“ஏற்றும் இடம்: பாவூர்சத்திரம் தினசரிச் சந்தை, தென்காசி மாவட்டம். ஆகஸ்ட் 19, புதன், 16:00 மணிக்கு வண்டி நிற்க வேண்டும். இறக்கும் இடம்: கொல்லம் நகரம், சின்னக்கடை அருகில், பெறுநர் பெயரும் எண்ணும் தனியே இணைத்துள்ளோம். ஆகஸ்ட் 20, வியாழன், 04:00 மணிக்குள் சேர வேண்டும், விடியற்காலை வியாபாரத்துக்கான சரக்கு. கத்தரிக்காய் 60 மூட்டை × 40 கிலோ = 2,400 கிலோ. முருங்கைக்காய் 40 கட்டு × 25 கிலோ = 1,000 கிலோ. சின்ன வெங்காயம் 30 மூட்டை × 50 கிலோ = 1,500 கிலோ. மொத்தம் 4,900 கிலோ. வெங்காயம் அடியில், முருங்கை மேலே. 17 அடி வண்டி, தார்ப்பாய் அவசியம், வழியில் மழை. வாடகை பெறுநர் தருவார், முன்பணம் ரூ. 5,000 இங்கே தருகிறோம். ஏற்றுக்கூலி எங்களுடையது, இறக்குகூலி பெறுநருடையது. வழியில் தடங்கல் என்றால் முதலில் பேச வேண்டிய எண்ணும், அவர் எடுக்காவிட்டால் பேச வேண்டிய எண்ணும் கீழே. செய்தி கிடைத்ததும் வண்டி எண்ணும் டிரைவர் எண்ணும் அனுப்பவும்.”

நீளமாகத் தோன்றும். ஆனால் எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்தச் செய்தி, பத்துத் தொலைபேசி அழைப்புகளைத் தவிர்க்கிறது. ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் விவரங்களை மாற்றி நிரப்புங்கள். பழைய செய்தியை எடுத்து அதிலேயே திருத்தி அனுப்பாதீர்கள். சென்ற வாரத்துத் தேதியோ பழைய டிரைவரின் எண்ணோ அப்படித்தான் உள்ளே தங்கிவிடுகிறது.

கூலி பற்றிய வரி அந்த மாதிரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. இறக்குகூலியை யார் தருவது என்பது பேசப்படாத லோடுகளில், இறக்கும் இடத்தில் டிரைவர்தான் அகப்பட்டுக்கொள்கிறார். வேலை செய்யாமலே கூலி கேட்கும் நோக்குகூலி வழக்கத்துக்குக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை விதித்திருக்கிறது; ஆனால் முறையான இறக்குகூலி அங்கே உண்டு, அது தொழிலாளரின் உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், எவ்வளவு, யார் பொறுப்பு என்பதை முன்பே எழுத்தில் வைத்துவிட்டால் இறக்கும் இடத்தில் மனக்கசப்பு நேராது. வண்டி காத்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்ட்டிங் என்னும் காத்திருப்புக் கட்டணம் கணக்கிடப்படும் என்பதையும் இத்துடன் சேர்க்கலாம்.

வண்டியோடு போகும் தாள்கள்

விலைப்பட்டியல், எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது, சரக்கு நகர்வுக்காக வரித்துறை இணையதளத்தில் போடும் இ-வே பில் ஆகியவையும் செய்திகள்தாம். அரசு அலுவலருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து எழுதப்படும் செய்திகள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம் ரூபாய். புதிய காய்கறி, பழங்களுக்கு இது தேவையில்லை. ஆயினும் சரக்கு விவரமும் பெறுநர் முகவரியும் உள்ள பட்டியல் டிரைவரிடம் இருக்க வேண்டும்.

சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில் செல்லும். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் நான்கு நாள் கிடைக்கும். முதல் நாள் என்பது, பில் போட்ட தேதிக்கு அடுத்த தேதியின் நள்ளிரவில் முடிகிறது. இந்தக் கணக்கை டிரைவருக்குச் சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுப்பது போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி வரை செல்லும் என்பதை வாய்மொழியாகவும் சொல்லுங்கள். வண்டி பழுதாகி நின்றால், காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும் என்பதால், பழுதான செய்தி உங்களுக்கு உடனே வந்து சேர வேண்டும். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புதிய வண்டி எண்ணை இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் பதிந்த பிறகே அது நகர வேண்டும்.

இ-வே பில்லில் எழுதிய வண்டி எண்ணில் ஓரிரு எழுத்தோ எண்ணோ மாறியிருத்தல் போன்ற சிறு பிழைகளுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்துடன் விடலாம் என்று 2018 செப்டம்பரில் மத்திய வரி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை நம்பிக் கவனக்குறைவாக இருக்க வேண்டாம். வண்டி சாலையோரத்தில் நிற்கும் நேரத்துக்கு ஈடு இல்லை. டி.என். 72 திருநெல்வேலி, 76 தென்காசி, 69 தூத்துக்குடி, 79 சங்கரன்கோவில் என்ற பதிவெண்கள் மனத்தில் இருந்தால், தவறாக எழுதப்பட்ட எண் பல வேளை கண்ணில் பட்டுவிடும். முடிந்தவரை வண்டியின் முன்பக்கப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

மூட்டையின் மீதும் செய்தி உண்டு. பத்தமடைப் பாய்க் கட்டுக்கு நனையக் கூடாது என்னும் குடைப் படமும், காருகுறிச்சி மண்பாண்டப் பெட்டிக்கு உடையும் பொருள் என்னும் கோப்பைப் படமும், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியும் எந்த மொழி பேசும் லோடுமேனுக்கும் புரியும். ‘24-இல் 7’ என்பதுபோல் ஒவ்வொரு கட்டிலும் வரிசை எண் எழுதினால், குறைவது எது என்று தேட வேண்டியிராது.

திருப்பிச் சொல்லக் கேளுங்கள்

செய்தி அனுப்பப்பட்டது என்பதற்கும் புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. நீல நிறக் குறி விழுந்ததையோ, “சரி அண்ணாச்சி” என்ற பதிலையோ புரிந்ததற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. நம் இரயில்வேயில் நிலைய அதிகாரியும் கடவுப்பாதைக் காவலரும் தொலைபேசியில் பேசும்போது, கதவை மூடியாயிற்று என்பதை உறுதிசெய்யத் தனி எண் ஒன்றைச் சொல்லி, இருவரும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த எண் வரிசையாக ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால், பழைய பேச்சையும் புதிய பேச்சையும் குழப்ப வழியில்லை. பின்னாளில் யார் எப்போது உறுதி சொன்னார் என்பதும் தெரியும். ஒரு குடும்பமே கடந்துபோகும் பாதையைக் காக்கும் அந்த முறையில், நம் தொழிலுக்கு வேண்டிய பாடம் முழுதும் அடங்கியிருக்கிறது.

அதைப் பின்பற்றி, ஒவ்வொரு லோடுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லியே எல்லோரும் பேசும்படி செய்யுங்கள். பிறகு எதிரில் இருப்பவரை, கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், “எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை மூட்டை, ஒருவாட்டி சொல்லுங்க அண்ணாச்சி, நானும் சரிபாத்துக்கிடுதேன்” என்று கேட்டால் விடுபட்டது வெளியே வரும். சோதிப்பது போன்ற தொனி வரக் கூடாது. சரிபார்க்கும் பொறுப்பை நம் தலையில் போட்டுக்கொண்டு கேட்டால், முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவரும் முகம் கோணாமல் சொல்வார். படிக்கச் சிரமப்படும் டிரைவருக்கு எழுத்துச் செய்தியோடு குரல் பதிவும் அனுப்புங்கள். வடமாநில டிரைவருக்கு அவருடைய மொழி தெரிந்த ஒருவரை இடையில் வைத்துப் பேசுங்கள். எண்கள் மட்டும் எந்த நிலையிலும் எழுத்தில் இருக்கட்டும்.

வண்டி சாலையில் இருக்கும்போது

ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவரை அழைக்காதீர்கள். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பின் அபாயகரமாக ஓட்டிய குற்றத்தில் சேர்கிறது. புளியரையின் எஸ் வளைவில் அது உயிர்ப் பிரச்சினை. எங்கெங்கே நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே குறித்துக் கொடுங்கள். மதுரைப் பக்கம் போகும் வண்டி சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் சுங்கச்சாவடிகளைத் தாண்டும்போது பாஸ்டேக் குறுஞ்செய்தி உரிமையாளருக்குப் போகும். அதை வாங்கிப் பார்த்தாலே யாரையும் தொந்தரவு செய்யாமல் வண்டி இருக்கும் இடம் தெரியும்.

“வண்டி எங்கன நிக்கி?” என்று கேட்டால் “இந்தா, பக்கத்துல வந்தாச்சு” என்றே பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: கடைசியாகத் தாண்டிய ஊர் எது, எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள்? இதற்கு வரும் பதிலிலிருந்து சேரும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம்.

தாமதம் ஏற்படும்போது, அது உறுதியாகும்வரை காத்திருந்து சொல்வது தவறான மரியாதை. ஒரு மணி நேரம் பிந்தக்கூடும் என்று தோன்றிய உடனே பெறுநருக்குச் சொன்னால், அவர் இறக்கும் ஆள்களை வேறு வேலைக்கு அனுப்பிக்கொள்வார். கெட்ட செய்தியில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: நடந்தது என்ன, சரக்கின் நிலை என்ன, புதிய நேரம் என்ன, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும். காரணத்தை விரித்து விளக்குவதும் யார் மீது தவறு என்று பேசுவதும் சரக்கு இறங்கிய பிறகு நடக்கலாம்.

கைப்பேசியே இயங்காத நாளும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாலைகள் துண்டிக்கப்பட்டன. பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமற் போயின. அத்தகைய நாளில் முன்பே எழுதிக் கொடுத்த அறிவுரை மட்டுமே டிரைவருக்குத் துணை. ஐப்பசி முதல் மார்கழி வரை அனுப்பும் ஒவ்வொரு லோடிலும், வழி அடைபட்டால் எந்த மேட்டுப் பகுதியில் நிறுத்துவது, எத்தனை மணி நேரம் காத்திருப்பது, தொடர்பு கிடைக்காவிட்டால் டிரைவரே என்ன முடிவு எடுக்கலாம் என்பதை அச்சிட்ட தாளில் வைத்து அனுப்புங்கள். தொடர்பு எண்களும் அதே தாளில் இருக்கட்டும். மின்னூட்டம் தீர்ந்த கைப்பேசியில் இருக்கும் எண்ணால் பயனில்லை.

உண்மையான தேவையைச் சொல்லுங்கள்

இது பலருக்கும் பிந்தித்தான் தெரியவருகிறது. ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன். தீபாவளி நெருங்கும்போது நெல்லையின் அல்வாக் கடைக்காரருக்குப் பத்து டின் நெய் கூடுதலாகத் தேவை என்போம். கிடைக்காமல் போய்விடுமோ என்று அவர் பதினைந்து கேட்கிறார். எல்லாக் கடைகளும் அப்படியே கேட்பதைக் கண்ட மொத்த வியாபாரி, தேவை பாதிக்குப் பாதி ஏறிவிட்டது என்று எண்ணித் தம் பங்குக்கு இன்னும் கூட்டி எழுதுகிறார். பண்டிகை முடிந்ததும் எல்லோர் கிடங்கிலும் நெய் தேங்குகிறது; அடுத்த மாதம் யாரும் வாங்குவதில்லை. கடையில் சிறிதாக ஏறிய தேவை, சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாகிக் காட்டும் இந்தப் போக்கை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜே பாரஸ்டர் 1950-களின் இறுதியில் கணக்கிட்டுக் காட்டினார். குழந்தைகளின் டயப்பர் விற்பனையில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் இதைக் கண்டது. பயன்படுத்தும் குழந்தைகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தும் ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின.

மருந்து எளியது: எவ்வளவு ஆர்டர் கொடுக்கிறோம் என்பதோடு, எவ்வளவு விற்றது, கையிருப்பு எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வது. வியாபார இரகசியம் என்று தயங்குவோர் உண்டு. நெடுநாள் கொடுக்கல் வாங்கல் உள்ளவரிடம் இதைச் சொல்வதால் வரும் இழப்பைவிட, சொல்லாததால் கிடங்கில் முடங்கும் பணமே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இறக்கிய பிறகு

பெறுநர் கையொப்பமிடுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும்; குறையோ சேதமோ இருந்தால் ரசீதின் மீதே, ‘இரண்டு மூட்டை நனைந்திருந்தது’ என்பதுபோல் எண்ணிக்கையுடன் எழுதி, டிரைவரின் கையொப்பத்தையும் வாங்க வேண்டும். 2011 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கு தொலைந்ததற்கோ சேதமடைந்ததற்கோ போக்குவரத்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து வழியில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். தொலைபேசியில் சண்டை போட்டது அறிவிப்பாகாது.

இறக்கும் இடத்தில் தெரிந்ததை ஏற்றிய இடத்துக்குத் திருப்பிச் சொல்வதும் உங்கள் வேலையில் சேர்ந்தது. களக்காட்டிலிருந்து போன வாழைத்தார்களில் அடிவரிசை நசுங்கியிருந்தால், படத்தோடு அது தார் வெட்டி ஏற்றியவரிடம் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அடுத்த லோடில் சருகு கூடுதலாக விரிப்பார்.

முறை முடிந்து வீட்டுக்குப் போகும் முன், அடுத்து வருபவருக்காகக் குறிப்பேட்டில் லோடு எண் வாரியாக நிலவரத்தை எழுதிவையுங்கள். பெறுநர் கையொப்பமிட்ட ரசீதின் படம் வந்துசேர்ந்த லோடுகளுக்கு எதிரே மட்டும் ‘முடிந்தது’ என்று எழுதுங்கள். இறக்கியாயிற்று என்று டிரைவர் வாய்மொழியாகச் சொன்னவை ‘இறக்கியதாகத் தகவல், ரசீது வரவில்லை’ என்ற வரியில் இருக்கட்டும். காலையில் வருபவர் முதலில் பேச வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.